காரைக்காலம்மையார் தம் சொல்

பாண்டி நாட்டின் மேற்கெல்லையில், மலையடிவாரத்தே அமைந்தது போடிநாயக்கனூர். பரமசிவன் மலைக்கோயிலைத் தன்னகத்தே உடையது. தேவாரம் என்னும் திருப்பெயர் பூண்ட ஊரை அணிமையிற் கொண்டது. இதற்கு அயலாகிய சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையிற் சங்கம் இருந்தமையையும் மாபாரதம் தமிழ்செய்யப் பெற்றமையையும் அரசர்தம் புகழாகக் கூறுகின்றது. போடிமெட்டு வழியே மேலேறி, நாள்தோறும் ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோருள் மகளிரே மிகப் பலர். ஏலக்காய் ஒருங்கே முற்றுவதன்று. ஆதலின் அவர்கள் மீண்டும் மீண்டும் செடியடியிற் குனிந்து, முற்றியது தேர்ந்து பறிப்பர். காயின் தரமும் விலையும் ஏலப் பட்டியலில் ஏறும். பறித்த கையின் பெயர் ஏறுவதில்லை.

சொல்லின் நிலையும் இதுவே. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்டிர் கட்டியவை. கட்டியவர் பெயர் நிற்கவில்லை. அரசமாதேவியாரின் நிலையும் இதனின் வேறன்று. 7ஆம் நூற்றாண்டிற் பாண்டி நாட்டிற் சைவம் மீண்டும் தழைத்தற்குக் காரணராயினார் மங்கையர்க்கரசியார். திருஞானசம்பந்தர் திருவாலவாய்ப் பதிகத்தில் அவரையும் குலச்சிறையாரையும் மாறி மாறிப் பாராட்டினார். ஆயினும் அத்தேவியார் தாமே கூறியதாக ஒரு பாட்டேனும் இன்றில்லை. சுந்தரரை ஈன்ற இசைஞானியார் திறமும் அன்னதே. அறுபத்து மூவருள் மகளிர் மூவர். அம்மூவருள் தம் சொல்லாலேயே இன்றும் அறியப்படுபவர் காரைக்காலம்மையார் ஒருவரே. அச்சொல்லைக் கற்குமாறு எங்ஙனம் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அம்மையார் 6ஆம் நூற்றாண்டினர் என்பர் ஆராய்ச்சியாளர். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியன பதினோராந் திருமுறையில் வைக்கப்பெற்றுள. மூவர் தேவாரத்திற்கு முற்பட்டமையின் 'மூத்த' என்னும் அடை பெற்றன. பதிகத்தின் இறுதியிற் பாடியவர் பெயரும் பாடுவோர் பெறும் பயனும் கூறி முடிக்கும் மரபு அம்மையார் பதிகங்களிலேயே காணப்படுகின்றது. பின்வந்த ஆசிரியர்கள் நடந்த நெறி இவர் வகுத்ததென்க.

இனி, அம்மையார் வரலாறு வளர்ந்தவாறு காண்க. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் 'பேயார்' என ஒரு பெயரளவில் நிறுத்தினார். நம்பியாண்டார் நம்பிகள் ஒரு பாட்டிற் கயிலையைத் தலையால் நடந்தேறிய செய்தியைக் கூறினார். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் 66 பாடல்களால் விரித்துரைத்தார். புனிதவதியார் என்னும் பெயரும், பரமதத்தனை மணந்தமையும், மாங்கனி பெற்ற அற்புதமும் அவ்விரிவில் விளங்குவன. அம்மையார் தம் பாடல்களிலோ கணவன் இல்லை; மாங்கனி இல்லை; மனைவாழ்க்கை பற்றிய பேச்சே இல்லை. பேசத் தொடங்கிய நாள்முதலே இறைவன் திருவடியிற் காதல்கொண்டமை ஒன்றே தம் வரலாறாகத் தொடக்கத்தில் மொழிகின்றார். தம்மைச் சுட்டுங்கால் 'காரைக்கால் பேய்' என்கின்றார். சுந்தரர் வழங்கியதும் அம்மையார் தாமே தேர்ந்த அப்பெயரே.

மகளிர் எழுத்தை ஆராய்வோர் இந்நாளில் வற்புறுத்துவதும் இவ்வேறுபாட்டையே. 1929இல் ஆங்கில நாட்டு வர்ஜீனியா வுல்ப் என்பார், எழுதுதற்குத் தனியறையும் பொருளும் பெண்டிர்க்கு வாயாமையை எடுத்துக்காட்டினார். பெண்டிரைப் பற்றிப் பிறர் சொல்லியது வேறு, பெண்டிர் தாம் சொல்லியது வேறு என்பது அவ்வாராய்ச்சியின் அடிப்படை. 1956இல் காரவேலனார் அம்மையார் பாடல்களைப் புதுவையினின்று பிரெஞ்சு மொழியில் வெளிப்படுத்தினார். எலைன் கிரடாக் 2010இலும், கேரன் பெச்சிலிஸ் 2012இலும் அம்மையாரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் செய்தனர்.

மூத்த திருப்பதிகத்தின் தொடக்கத்தை நோக்குக. மகளிரை அடிமுதல் முடிகாறும் அழகு பாராட்டுதல் புலவர் வழக்கு. அம்மையாரோ வற்றிய மார்பும், எழுந்த நரம்பும், குழிந்த கண்ணுமுடைய பெண்பேயைப் பாட்டின் முகப்பில் நிறுத்துகின்றார். பிறர் கண்ணுக்கு விருந்தாதல் பெண்ணுடம்பின் பயன் என்னும் கொள்கை அவ்விடத்தே வீழ்கின்றது. பிறர் இகழ்ச்சியாகக் கூறும் பெயர் அவர்க்கு ஆடவல்லான் அவையில் அமரும் உரிமையாயிற்று.

அம்மையாரைக் கணவனால் நீக்கப்பட்ட கற்புடையாளாக மட்டும் கற்பார் இழப்பது பெரிது. அற்புதத் திருவந்தாதியில் அறிபவனும், அறிவிப்பவனும், அறியப்படும் பொருளும் இறைவனே என்னும் கருத்துத் தெளிவுற அமைந்துள்ளது. அறிவிக்க அறியும் இயல்பினது உயிர் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலையாய கொள்கையன்றோ? 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாருக்கு ஏறத்தாழ 700 ஆண்டுகட்கு முன்னரே, அக்கொள்கையின் வித்து ஒரு பெண்பாலார் பாட்டிற் காணப்படுகின்றது. இதனைக் காணாது மாங்கனி அளவில் நின்றுவிடுதல், ஞானாசிரியரை இல்லக்கிழத்தி அளவிற் சுருக்குதலாம்.

அற்றேல், சேக்கிழார் வாக்கைத் தள்ளுதல் வேண்டுமோ எனின், வேண்டா. கணவன் தன் இரண்டாம் மனைவியோடும் மகவோடும் முன்னை மனைவியின் திருவடியில் வீழ்ந்தான் என அவரே பாடினார். அம்மகவிற்கு அம்மையார் பெயரே இடப்பட்டதென்றும் கூறினார். தாயும் தந்தையுமில்லா இறைவன் 'அம்மையே' என்றழைத்தான் என உலகறியச் செய்தவரும் அவரே. ஆதலின் புராணம் அம்மையார் பாட்டுக்கு வாயிலாகுக. பாட்டு இருக்க, வாயிலிலேயே நின்று திரும்பற்க.

போடிமலைச் சரிவின் மகளிர் சொற்களுட் பல காற்றிற் கலந்தன. மங்கையர்க்கரசியார் சொல்லும் கிடைத்திலது. நூற்றாண்டுகள் பல கடந்து ஒரு பெண்ணின் சொல்லைச் சைவம் திருமுறையாகப் போற்றிக் காத்தது. காத்தது ஏட்டில் இருத்தற்கன்று. ஓதுதற்கும் உணர்தற்கும் என்க. கோயில்களிலும் மன்றங்களிலும் அம்மையார் வரலாறு சொல்லப்படும் போதெல்லாம் அவர்தம் பாட்டும் உடன் ஓதப்படுதல் சைவ மக்கள் கடனாகும்.

திருச்சிற்றம்பலம்.