நாய்களுக்கான உடன்நடைப் பயிற்சி

உடன்நடைப் பயிற்சி என்பது நாயை, அதை நடத்திச் செல்பவரின் இடக்காலை ஒட்டி, கயிற்றை இழுக்காமல் நடக்கப் பழக்கும் பயிற்சி ஆகும். காவல்துறை, படைத்துறை நாய்களுக்கு இது அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. தொடக்கத்தில் விரைந்து கற்கும் நாய் ஒரு கட்டத்தில் முன்னேறாமல் தேங்கி நிற்பதுண்டு. இதைப் பிடிவாதம் எனக் கருதி அடிப்பதால் அச்சமே மிகும்.

காரணங்கள்

வீட்டு முற்றத்தில் கற்றதை நாய் தெருவிலும் தானாகவே செய்துவிடுவதில்லை. இடம் மாறினால் அதற்கு அது ஏறத்தாழப் புதிய பாடமாகும். தின்பண்டப் பரிசை விரைவில் நிறுத்துதல், கால்வலி ஆகியனவும் காரணமாகலாம். இழுத்தபடியே விரும்பிய இடத்தை அடையும் நாய்க்கு இழுப்பதே பழக்கமாகிறது. நற்பயன் தந்த செயலை விலங்குகள் மீண்டும் செய்யும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் 1898இல் வெளியிட்ட பூனை ஆய்வுகள் காட்டின.

மீளும் முறை

* நாய் தவறின்றிச் செய்த முந்தைய நிலைக்குத் திரும்புதல். ஐந்தாறு அடிகளே போதும்.
* கயிறு இறுகியவுடன் நின்று, தளர்ந்த பின்னரே நடத்தல்.
* பரிசை இடத்தொடையின் அருகிலேயே கொடுத்தல்.
* நேரம், தொலைவு, கவனச்சிதறல் ஆகியவற்றுள் ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் கூட்டுதல்.
* சில நிமிடங்களில், நாய் சலிப்படையும் முன்பே முடித்தல்.

தமிழக இனங்கள்

சிப்பிப்பாறை, கன்னி ஆகியன இரையைக் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். ஓடும் முயலோ கோழியோ இவற்றின் கவனத்தை எளிதில் ஈர்க்கும். எனவே இவற்றை முதலில் அமைதியான இடத்தில் பழக்கி, பின்னர் படிப்படியாகத் தெருவிற்குக் கொண்டுவருதல் நன்று.