கவாசாகி நோய்: குழந்தைகளின் இதயத்தமனி அழற்சியும் திடீர் மரணமும்

இதயத் தசைக்கு இரத்தம் தரும் இதயத்தமனிகளின் சுவர் நோயெதிர்ப்பு அணுக்களின் தாக்குதலால் வீங்கிச் சிதைவது இதயத்தமனி அழற்சி எனப்படும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் இதற்கு முதன்மைக் காரணம் கவாசாகி நோய்.

தமனிச் சுவரில் முடிச்சுகள் தோன்றும் அழற்சியை 1866இல் ஜெர்மானியர்களான குஸ்மாவுல், மையர் ஆகியோர் விவரித்தனர். 1871இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ, இறந்த ஏழு வயதுச் சிறுவனின் இதயத்தமனிகளில் புடைப்புகளைக் கண்டு பதிவு செய்தார்; அது கவாசாகி நோயாகவே இருந்திருக்கலாம் எனச் சிலர் கருதினும் உறுதிப்படவில்லை. அடுத்த பல பத்தாண்டுகளில் இத்தகைய குழந்தை மரணங்கள் பிணக்கூறாய்வில் மட்டுமே வெளிப்பட்டன.

1961 ஜனவரியில் தோக்கியோவின் செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் தொமிசாகு கவாசாகி, நாள்பட்ட காய்ச்சலுடன் வந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்டு, எந்த நோயிலும் அடக்க முடியாமல், 'நோய் தெரியவில்லை' என்றே குறித்து வீட்டுக்கு அனுப்பினார். மறு ஆண்டு அதே குறிகளுடன் இன்னொரு குழந்தை வந்ததும் அவர் ஒவ்வொன்றாகச் சேர்க்கத் தொடங்கி, 1967இல் ஐம்பது நோயாளிகளைப் பற்றிய 44 பக்கக் கட்டுரையை ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். பீளையின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, தடிப்பு, கழுத்து நிணநீர்க்கணு வீக்கம், விரல் நுனியிலிருந்து உரியும் தோல் என அவர் தந்த வருணனையின் பொறுமை இன்றும் வியப்பளிக்கிறது.

அந்நோய் தானே தணியும் என்றே அவர் முதலில் கருதினார். ஆனால் 1965இலேயே அம்மருத்துவமனையின் நோய்க்கூற்றியலாளர் நொபோரு தனாகா, இவ்வாறு நோயுற்று இறந்த ஒரு குழந்தையின் இதயத்தமனியில் இரத்தக்கட்டியைக் கண்டிருந்தார். இரண்டுக்கும் தொடர்புண்டா என்ற வாதம் நீடிக்க, 1970இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு, நோய்க்குப் பின் திடீரென இறந்த பத்துக் குழந்தைகளின் பிணக்கூறாய்வுகளைத் திரட்டி அதை முடித்து வைத்தது. 1974இல் கவாசாகியின் கட்டுரை ஆங்கிலத்தில் வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஹவாயில் மரியன் மெலிஷ் தனித்தே இந்நோயை அடையாளம் கண்டார்.

இம்மரணத்தின் கொடுமை அது வரும் நேரத்தில் உள்ளது. காய்ச்சல் தொடங்கிய 15 முதல் 45 நாள்களுக்குள், அதாவது குழந்தை தேறிவிட்டதாகப் பெற்றோர் நிம்மதியுறும் வேளையில், குருதித்தட்டுகள் பெருகி, புடைத்த தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்ள, மாரடைப்பு நேர்கிறது. அரிதாகப் புடைப்பே வெடிப்பதும் உண்டு.

1984இல் ஜப்பானியரும் 1986இல் அமெரிக்கரும், சிரைவழி ஏற்றும் இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புப்புரதம் தமனிப் புடைப்பைக் குறைப்பதை நிறுவினர். சிகிச்சையின்றி நான்கிலொரு குழந்தைக்கு நேரும் புடைப்பு, பத்து நாள்களுக்குள் அதை ஏற்றினால் ஏறத்தாழ ஐந்து விழுக்காட்டுக்குக் குறைகிறது. காரணம் தொற்றா, காற்றில் வரும் ஏதேனும் நுண்பொருளா, மரபுவழி நாட்டமா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. 2020இல் கோவிட் தொற்றுக்குப் பின் குழந்தைகளிடம் இதையொத்த அழற்சி காணப்பட்டது.

மலேசியாவில் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி ஊசி போடப்படுவதால், அதன் தழும்பு காய்ச்சலோடு சேர்ந்து சிவந்து தடிப்பது கைக்குழந்தைகளில் கவாசாகி நோய்க்குப் பயனுள்ள தடயம். சிகாமட் மாவட்டத்துப் பெக்கோக் போன்ற சிற்றூர்களிலிருந்து இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனையை நாட வேண்டியிருப்பதால், காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் அந்தத் தழும்பையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.