அறுகம்குடா: வருவோரும் வாழ்வோரும்

இலங்கையின் கிழக்குக் கரையிலே, பொத்துவில் நகரின் தென்புறத்தே அமைந்துள்ள அறுகம்குடா, இன்று உலகின் பல பாகங்களிலுமுள்ள அலைச்சறுக்கு வீரர்கள் பெயர் சொல்லி அறியும் இடமாகும். ஆண்டுதோறும் சித்திரை தொடக்கம் புரட்டாதி முடியும் வரை பன்னாட்டு இளைஞர் தத்தம் பலகைகளுடன் இங்கு வந்து கூடுகின்றனர். வீதியின் இருமருங்கும் விடுதிகளும் உணவுச்சாலைகளும் நிறைந்து, இரவிலும் ஊர் விழித்திருக்கின்றது. 1970களில் வெளிநாட்டு இளைஞர் சிலர் 'கண்டுபிடித்த' கடற்கரை என்றே இதனை அறிமுகஞ் செய்வது வழக்கமாகிவிட்டது. கண்டுபிடிப்பு என்னும் சொல் வரலாற்று மாணவனுக்கு ஐயத்தை விளைவிக்க வேண்டிய ஒன்றாகும். ஓரிடம் கண்டுபிடிக்கப்பட்டது எனின், அதற்கு முன் அங்கு வாழ்ந்தோர் யாவர் என்ற வினா உடன் எழுகின்றது.

அக்குடாவை அடுத்துள்ள குடியிருப்பினை உள்ளூர் மக்கள் உல்லை என வழங்குவர். பழைய மட்டக்களப்புப் பிரதேசத்தின் தென்னெல்லையான பாணமைப்பற்றினுள் அடங்கியிருந்த இப்பகுதி, 1961ஆம் ஆண்டு அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பட்டபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராகவும், தமிழரும் சிங்களவரும் அவர்களுக்கு அயலவராகவும் வாழும் பிரதேசம் இது. தெற்கேயுள்ள பாணமைக் கிராமத்தில் தமிழரும் சிங்களவரும் மணவுறவாற் கலந்து வாழ்ந்தமை ஆய்வாளர் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. நெல்வயலும் மந்தையும் கடலும் இம்மக்களின் சீவனோபாயங்களாக விளங்கின.

வெளியூரார் வருகையும் இவ்வூருக்குப் புதியதொன்றன்று. அலைச்சறுக்கு வீரர் கால்பதிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இக்கரை வழியே சென்று வந்தது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் புறப்படுவோர் பொத்துவிலையும் பாணமையையும் கடந்து, உகந்தை முருகன் ஆலயத்திலே தங்கி, குமணைக் காட்டினூடாக ஆடித் திருவிழாவை நாடிச் செல்வர். இவ்வழிநடை இன்றும் தொடர்கின்றது. தென்மேற் பருவக்காற்றினால் மேற்குக் கடலிலும் தென்கடலிலும் தொழில் தடைப்படும் மாதங்களிலே, அக்கரைகளின் மீனவர் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடியமைத்துத் தங்கும் வழக்கமும் நீண்டகாலமாக நிலவி வந்துள்ளது.

மீனவரை ஈர்த்த அதே காற்றே அலைச்சறுக்கு வீரரையும் ஈர்த்தது என்பது மனங்கொளத்தக்கது. கச்சான் எனக் கிழக்கில் வழங்கும் தென்மேற்குக் காற்று தன் மழையை நாட்டின் மேற்குச் சாய்வுகளிலே பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாய்க் கிழக்கை அடைகின்றது. அங்கே அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதனால், கரைக்கு வரும் அலை உடனே குலைந்து விழாது நிமிர்ந்து நிற்கின்றது. தொலைவிலுள்ள தென்னிந்து சமுத்திரத்திலே தோன்றும் பேரலைகள் குடாவின் தென்முனையைச் சுற்றி வளைந்து, ஒரு புறத்திலிருந்து மறு புறமாக வரிசையாக உடைகின்றன. பலகையேறுவோர் வேண்டுவது இவ்வமைப்பேயாகும். அம்முனையின் மறைவிலே நீர் அமைதியுறுவதனால் வள்ளங்களைக் கரையேற்றுவதற்கும் அவ்விடமே வாய்ப்பானது. விளையாட்டுக்கு உகந்த கரையும் தொழிலுக்கு உகந்த கரையும் ஒன்றாயிருத்தலே பின்வந்த பிணக்குகளுக்கு அடிப்படையாயிற்று எனலாம்.

1970களில் வந்தோர் தொகை சிறிது; அவர்தம் தேவைகளும் சிலவே. ஆதலின் இருசாராரும் ஒரே கரையைப் பகிர்ந்துகொள்வது கடினமாயிருக்கவில்லை. 1983இல் மூண்ட போர் இந்நிலையை மாற்றியது. தெற்கேயுள்ள குமணைத் தேசிய வனம் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டின் யுத்தநிறுத்தத்தின் பின்னரே பயணிகள் மீண்டும் பெருமளவில் வரத் தொடங்கினர்.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நாடு முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெருந்தொகையினர் அம்பாறை மாவட்டத்தவர். அறுகம்குடாவில் மீனவர் குடியிருப்புகளும் விடுதிகளும் ஒருங்கே அழிந்தன. ஆயினும் மீளெழுதலிலே அவ்வொருமை காணப்படவில்லை. அரசாங்கம் வடக்குக் கிழக்குக் கரைகளிலே 200 மீற்றர் அகலமான தடைவலயத்தை அறிவித்து, அதனுள் வீடுகளை மீளக் கட்டுதலைத் தடுத்தது. அதே காலத்தில் அறுகம்குடாவைப் பெரியதொரு சுற்றுலா மையமாக்கும் அபிவிருத்தித் திட்டமும் முன்வைக்கப்பட்டது. பாதுகாப்பின் பெயரால் தம்மை அகற்றிவிட்டு அவ்விடத்தை விடுதிகளுக்கு வழங்க முயல்கின்றனர் என மீனவர் எதிர்ப்புத் தெரிவித்தனர். நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தம் நூலிலே, பேரழிவின் மறைவில் நிகழும் நிலவபகரிப்புக்கு இக்குடாவை ஓர் எடுத்துக்காட்டாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது. தடைவலய விதி பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் அவ்வச்சம் கரையோர மக்கள் மனத்தை விட்டு எளிதில் அகலக்கூடியதன்று.

சுற்றுலாவினால் ஊரவர் யாதொரு பயனும் பெறவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. 2009இல் போர் முடிந்த பின்னர், மீனவர் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பயிற்றுநராகவும் விடுதி நடத்துநராகவும் முச்சக்கரவண்டி ஓட்டுநராகவும் வருவாய் தேடிக்கொண்டனர். 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகத்தை அமைத்தமை, அவ்விளையாட்டை ஊர் தன்னுடையதாக்கிக் கொண்டமைக்குச் சான்றாகும். ஆனால் வருவோரை மட்டும் நம்பிய வாழ்வு நிலையானதன்று. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள், அடுத்து வந்த கொள்ளைநோய், 2024 ஒக்ரோபரில் இக்குடாவைக் குறித்து விடுக்கப்பட்ட பாதுகாப்பு எச்சரிக்கை ஆகியன பயணிகளை ஒரேயடியாகத் திருப்பியனுப்ப வல்லனவாயிருந்தன. அத்தகைய வேளைகளிலே கடலும் வயலுமே மக்களுக்குத் துணையாகும். கரையில் வள்ளம் ஏற்றும் உரிமையை இழந்த ஊர் அத்துணையையும் இழந்ததாகிவிடும்.

அவ்வுரிமை பெரும்பாலும் எழுத்திற் பதிவானதன்று. வழக்காறாகவும் நினைவாகவுமே நிலைத்துள்ளது. எந்தக் கரைவலைப்பாடு எக்குடும்பத்தினது, எங்கு வாடிகள் இருந்தன, உகந்தைக்குச் செல்லும் அடியார் எவ்விடத்தில் நீரருந்தித் தங்கினர் என்பனவற்றை அறிந்தோர் முதியவரே. 1970களுக்கு முற்பட்ட உல்லையை நேரிற் கண்ட தலைமுறை அருகி வருகின்றது. காணி பற்றிய விசாரணையொன்று வருங்கால், ஆவணம் வைத்திருப்போன் சொல்லே எடுபடும். ஆதலின் அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைக் காலந்தாழ்த்தாது சேகரித்து எழுத்தாக்குதல், கிழக்கிலங்கை வரலாற்றைப் பயிலும் பல்கலைக்கழக மாணவர்முன் உள்ள பணியாகும். அது நிறைவேறாதவரை, 'கண்டுபிடித்தோர்' எழுதியதே அறுகம்குடாவின் வரலாறாக எஞ்சும்.