பேயாவரை

பனிச்சங்கேணி தாண்டி வாகரைக்குப் போகும் வழியில் மணல் தரையெங்கும் மஞ்சள் பூக்கள். தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். காம்படியைப் பார் என்றுதான் அம்மம்மா எனக்குப் பழக்கினார். ஆவரையின் இலைக்காம்பு கிளையோடு சேருமிடத்தில் காதுமடல்போல் இரண்டு பச்சைச் செதில்கள் விரிந்து நிற்கும். ஆரிகுலாட்டா என்ற அதன் லத்தீன் பெயரும் காதைத்தான் குறிக்கிறது. அந்தக் காது இல்லாமல், இலையைக் கசக்கினால் கெட்ட வாடை வந்தால், அது பேயாவரை.

ஆவரை இந்த மண்ணின் செடி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஆவிரையும் உண்டு. மடலேறுபவன் சூடுவதும் அதைத்தான். சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் தொழில் வெகுகாலம் ஆவாரம்பட்டையை நம்பி நடந்தது. பிறகு தென்னாபிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. சிங்களவர் இதை ரணவரா என்பார்கள். தேத்தண்ணிபோல் அவித்துக் குடிப்பது அவர்களிடமும் உண்டு.

ஆவரைக்கு உறவான தகரையின் பெயர் போன தூரம் பெரிது. சிங்களத்தில் அது தோர. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹெர்மன் இங்கே செடிகளைச் சேகரித்தார். அந்தச் சேகரிப்பைக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரநூலை வெளியிட்டார். 1753இல் அவர் தகரைக்கு இட்ட லத்தீன் பெயரிலும் தோர என்ற ஊர்ச்சொல் அப்படியே இருக்கிறது.

பேயாவரை அமெரிக்காவிலிருந்து வந்தது. அதே இனத்து வண்டுகொல்லியும் அங்கிருந்து வந்ததுதான். அதைச் சீமையகத்தி என்று பிரித்துச் சொன்ன நம்மவர்கள், இதை ஆவரையின் உறவாக்கிப் பேய் என்ற அடையைச் சேர்த்தார்கள். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு என்பதுபோல, பார்த்தால் அதுமாதிரி, வாயில் வைக்க ஆகாது என்று பொருள். இதே செடிக்குப் பொன்னாவரை, பொன்னந்தகரை என்றும் பெயருண்டு. சிங்களத்தில் பெனிதோர, பெனி என்றால் தேன்பாணி.

இந்தப் பெயர்களில் பேயைத்தான் நான் நம்புகிறேன். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் சிறுபிள்ளைகள் திடீரென மயங்கி இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். இந்தச் செடியின் காயைத் தின்றதே காரணம் என்று மருத்துவர்கள் 2007இல் எழுதினார்கள். ஈரல், தசை, மூளை மூன்றையும் அதன் நஞ்சு தாக்குகிறது.

போரில் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் செடிகொடி மண்டியபோது இதுவும் சேர்ந்தே வளர்ந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு எல்லாமே மஞ்சள் பூ. பள்ளிக்கூடத்து மூலிகைத் தோட்டத்தில் இதற்குப் பலகை நடுவதானால், பொன்னாவரை என்று எழுதாதீர்கள். பேயாவரை என்று, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.