சிறுநீர்ப்பைக்கு ஒரு மின்விசை

முள்ளந்தண்டில் காயமடைந்து நடக்க இயலாதுபோன ஒருவரைக் கண்டால் நாம் அவரது கால்களைப் பற்றியே விசாரிக்கின்றோம். அவரது உயிரைப் பறிக்கக்கூடிய எதிரி வேறிடத்தில் இருக்கின்றது. முதலாம் உலகப் போரில் முண்ணாண் சிதைந்த படைவீரருள் மிகப் பெரும்பாலானோர் மடிந்தனர். படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பையில் தொடங்கிச் சிறுநீரகம்வரை ஏறிய கிருமித் தொற்றுமே அவர்களைக் கொன்றன.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் வைத்தியர் லுட்விக் குட்மன். 1944 இல் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் அவர் தொடக்கிய பிரிவில், கிருமி நீக்கிய குழாயை வேளைக்கு வேளை செலுத்திச் சிறுநீரை அகற்றும் முறை கண்டிப்புடன் பின்பற்றப்பட்டது. 1972 இல் அமெரிக்க வைத்தியர் ஜக் லப்பிடஸ், சுத்தமான குழாயை நோயாளியே செலுத்திக்கொள்ளலாம் எனக் காட்டினார்.

குழாயே இன்றிச் சிறுநீர் கழிக்க இயலாதா? இக்கேள்வியை எழுப்பியவர்களுள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த உடற்றொழிலியலாளர் ஜைல்ஸ் பிறின்ட்லி. பார்வையற்றவரின் மூளையில் மின்வாய்களைப் பொருத்தி, 1968 இல் அது பற்றிய ஆய்வை வெளியிட்டவரும் இவரே.

சிறுநீர்ப்பையைச் சுருக்கும் நரம்புகள் முதுகின் அடியிலுள்ள திருவென்புப் பகுதியின் முன்வேர்கள் வழியே செல்கின்றன. அவற்றுக்கு மின்தூண்டல் கொடுத்தால் பை சுருங்கும். ஆயின், அதன் வாயிலை மூடும் தசையும் கூடவே இறுகிவிடும். பிறின்ட்லி இரு தசைகளின் வேக வேறுபாட்டைப் பயன்படுத்தினார். வாயில் தசை விரைவாக இறுகி விரைவாகத் தளரும். பையின் தசையோ மெதுவாகச் சுருங்கி மெதுவாகவே தளரும். ஆகவே மின்தூண்டலை விட்டுவிட்டுக் கொடுத்தால், இடைவெளிகளில் வாயில் திறக்க, சுருங்கிய நிலையிலேயே இருக்கும் பை சிறுநீரை வெளியேற்றும். பபூன் குரங்குகளில் பரிசோதிக்கப்பட்ட இம்முறை 1978 இல் மனிதரில் வெற்றி கண்டது. உள்ளே மின்கலம் இல்லை. தோலின் கீழுள்ள வாங்கிக்கு, வெளியிலிருந்து வானொலி அலை மூலம் சக்தி அனுப்பப்படும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பை தானாகச் சுருங்கி ஒழுகுவதைத் தடுக்க, உணர்வைக் கொண்டுசெல்லும் பின்வேர்களை வெட்டுதல் பயன்தரும் என 1986 முதல் ஜேர்மனியில் வைத்தியர் சவர்வைன் காட்டினார். ஒழுக்கு நின்றது, பை கூடுதலாகக் கொண்டது, சிறுநீரகம் காக்கப்பட்டது. ஆனால் ஆண்களுக்கு அனிச்சையான குறிவிறைப்பு அற்றுப்போனது. எஞ்சியிருந்த உணர்வும் இல்லாமற்போனது. வெட்டிய வேர் மீண்டும் இணையாது. நாளை வேறொரு சிகிச்சை வருமென நம்பிய இளைஞர் பலர் தயங்கியமை இயல்பே.

1998 இல் அமெரிக்காவில் இக்கருவிக்கு அனுமதி கிடைத்தது. ஆனாலும் அங்கு இதனை விற்ற நிறுவனம் சில ஆண்டுகளிலேயே தொழிலைக் கைவிட்டது. பயன்படுவோர் தொகை சிறிதாயின் நல்ல கருவியும் சந்தையில் நிலைப்பதில்லை.

நமது வன்னியில் எறிகணைத் துண்டுகளால் முண்ணாண் அறுந்து வாழ்வோர் பலர். அவர்களுக்கு இக்கருவி எட்டாக்கனி. ஆனால் குட்மனும் லப்பிடசும் காட்டிய வழிக்குத் தேவை சுத்தமான குழாயும், தவறாத வேளையும், கற்பிக்கும் ஒரு தாதியும் மட்டுமே. ஆகக் குறைந்தது அதையேனும் தடையின்றி வழங்குதல் நமது கடமையன்றோ?