தலைநகரில் பழைய ஆங்கிலப் படங்கள்

புதுதில்லி 1931ஆம் ஆண்டில் முறைப்படி தலைநகராயிற்று. மறு ஆண்டே கன்னாட் பிளேசில் ரீகல் படமாளிகை எழுந்தது. அதனை வரைந்தவர் வால்ட்டர் ஜார்ஜ் என்னும் கட்டடக் கலைஞர். 1933இல் பிளாசா தோன்றியது. ஊழியத்தின் பொருட்டுத் தாயகம் விட்டு இங்குக் குடியேறிய நம்மவர்க்கு அயல்நாட்டுப் படங்களை அறிமுகம் செய்தவை இத்தகைய அரங்குகளே.

1952இல் நம் நாட்டின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை, தில்லி, கல்கத்தா நகரங்களிலும் நடைபெற்றது. அதன்பொருட்டு ஹாலிவுட் இயக்குநர் பிராங்க் காப்ரா இந்தியா வந்தார். 1934இல் அவர் எடுத்த 'இட் ஹாப்பண்டு ஒன் நைட்' என்னும் படத்தின் கதையே 1956இல் 'சோரி சோரி' என்னும் இந்திப் படமாயிற்று. அதனை உருவாக்கியது சென்னை ஏவிஎம் நிறுவனம். ஆங்கிலப் படங்களைக் கற்பது நம் படங்களின் வேர்களைக் கற்பதுமாகும் என்பதற்கு இஃதொன்றே சான்று.

நிற்க. விரும்பிய படம் விரும்பிய நாளில் கிட்டுதல் அந்நாளில் இயலாது. ஒரு படச்சுருள் ஊர் ஊராகச் சென்று வரும். சில நாட்களே தங்கும். தவறவிட்டோர் ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். 1971இல் அமெரிக்கப் படநிறுவனங்களோடு நம் அரசு கொண்டிருந்த உடன்பாடு முடிவுற்றது. 1975இலேதான் புதிய உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய படங்களின் வரவு அருகவே, பழைய படங்களே மீண்டும் திரையேறின.

இக்குறையை ஒருவாறு தீர்த்தவை திரைப்படச் சங்கங்கள். தூதரகங்கள் முதலியவற்றிடம் படச்சுருள்களை இரவல் பெற்று அவை உறுப்பினர்க்குக் காட்டின. 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் இச்சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. தில்லித் திரைப்படச் சங்கத்தின் விஜயா மூலே அதன் செயலாளருள் ஒருவர். சென்னை மாகாணத்தின் சார்பில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த அம்மு சுவாமிநாதன் துணைத் தலைமை ஏற்றார்.

ஆங்கிலப் படங்களுக்குப் பேர்பெற்ற சாணக்கியபுரியின் சாணக்கியா அரங்கு 1970இல் தோன்றி, 2007 இறுதியில் மூடப்பெற்று, மறு ஆண்டு இடிக்கப்பெற்றது. ரீகல் 2017 மார்ச்சு 30ஆம் நாள் தன் கதவுகளைச் சாத்தியது. கட்டடங்கள் மறைவது காலத்தின் இயல்பு. அதற்காக மட்டும் வருந்துதல் வேண்டா. காத்திருந்து, அண்டை வீட்டாரோடு கூடிச் சென்று, படம் கண்டு, வழிநெடுகப் பேசி வரும் வழக்கமும் உடன் மறைவதே பேரிழப்பு. இன்று சாப்ளின் படம் ஒவ்வொருவர் கையிலும் உண்டு. உடனிருந்து நகைப்பார்தாம் இல்லை.

இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், ஹாபிடாட் சென்டர் போன்ற இடங்களில் பழைய படங்கள் இன்றும் திரையிடப்பெறுகின்றன. அவற்றின் அறிவிப்பை நோக்கியிருந்து, பிள்ளைகளையும் உடனழைத்துச் செல்லுதல் நன்று. நம் சங்கத்தின் மண்டபத்திலும் ஆண்டிற்குச் சில மாலைப் பொழுதுகளை இதற்கென ஒதுக்கலாம். ஒரு படத்தைக் குறித்துப் பெற்றோரும் மக்களும் தமிழில் விவாதிக்கும் பயன் ஒன்றே அம்முயற்சிக்குப் போதிய கைம்மாறாகும்.