நம் நாட்டில் ஹபஷிகள்

ஹழ்ரத் பிலால் (ரழி) அவர்களின் பாங்கோசையைப் பற்றி மிம்பர்களில் நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால் அவர்களைத் தம் முன்னோராகப் போற்றும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் நம் இந்தியாவிலேயே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருவதை நம்மில் பலர் அறியோம். சித்திகள், ஹபஷிகள் என அவர்கள் அழைக்கப்படுகின்றனர். மாலுமிகளாகவும் படைவீரர்களாகவும் வந்தோர் சிலர். அடிமைகளாக விற்கப்பட்டு வந்தோரே மிகுதி. விற்றவர்களுள் போர்ச்சுகீசியர் மட்டுமல்லர், முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். வரலாறு எழுதப் புகுந்தபின் இதனை மறைத்தல் முறையன்று.

எத்தியோப்பியாவில் பிறந்து, பலர் கைமாறி தக்காணம் வந்து சேர்ந்தவர் மாலிக் அம்பர். அஹ்மத்நகர் அரசின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று, 1626இல் மறையும்வரை முகலாயரை எதிர்த்து நின்றார். அவரை வெல்ல இயலாத ஜஹாங்கீர், அவரது தலையில் அம்பெய்வதுபோல் ஓவியம் வரையச் செய்து மனத்தை ஆற்றிக்கொண்டார்! குல்தாபாத் ஜியாரத் சென்று வருவோர் அவுரங்கசீப்பின் கப்ரோடு திரும்பிவிடுகின்றனர். மாலிக் அம்பரின் அடக்கவிடமும் அவ்வூரில்தான் உள்ளது.

அஹமதாபாத்தில் 1573 வாக்கில் எழுந்த சித்தி ஸய்யித் மஸ்ஜிதும் ஒரு ஹபஷியின் பணியே. மரக்கிளைகள் பின்னிப் படர்வதுபோல் கல்லில் குடைந்த அதன் சாளரங்கள் உலகப் புகழ் பெற்றவை. குஜராத்தின் ரத்தன்பூர் குன்றில் அகீக் கல் வணிகராக வந்தவர் எனச் சொல்லப்படும் பாவா கோர் அவர்களின் தர்கா உள்ளது. அங்கு சித்திகள் முரசறைந்து ஆடும் 'தமால்' மார்க்க அடிப்படையில் விவாதத்திற்குரியதே. எனினும் மொழியை இழந்த ஒரு சமூகம் தன் ஆப்பிரிக்க நினைவைக் காத்துக்கொண்டது அந்த முரசில்தான்.

அமெரிக்காவிலும் இதனையொத்த வரலாறு உண்டு. பிலடெல்பியா தேவாலயத்தில் முழந்தாளிட்டுத் தொழுத கறுப்பர்களை எழுப்பி அகற்ற முயன்றனர். அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஆலன் தம் மக்களுடன் வெளியேறி, 1794இல் பெத்தேல் ஆலயத்தைத் தொடங்கினார். நம் சித்திகளுக்குத் தனிப் பள்ளி தேவைப்படவில்லை. ஸஃப்பில் அவர்களை எவரும் விலக்கவில்லை. ஆயின் தொழுகை முடிந்து வெளியே வந்தபின்? தோளோடு தோள் நின்ற பிற முஸ்லிம் குடும்பங்கள் அவர்களோடு மணவுறவு கொள்வது அரிதாகவே இருந்து வந்துள்ளது. இக்கேள்வியைக் குஜராத்தோடு நிறுத்திக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

கர்நாடகத்தின் உத்தர கன்னடக் காடுகளில் வாழும் சித்திகளின் முன்னோர் பலர் கோவாவில் போர்ச்சுகீசியரிடமிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுள் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என மூன்று சமயத்தாரும் உளர். 2003இல் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினராக ஏற்கப்பட்டபோது, மூன்று சமயத்தாருக்கும் ஒரே பெயரில், சித்தி என்ற பெயரிலேயே அந்த உரிமை கிடைத்தது.